முதலில் புறப்பட்ட பெட்டி

பெற்றோல் நிலைய வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மகன் வீட்டில் சும்மா இருந்த நவரத்தினம், 2006ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் ஓர் உலக உண்மையைக் கண்டுபிடித்தார். பாரிஸுக்குப் பக்கத்தில் இருக்கும் டிஸ்னிலாண்டில் மூன்று வயது முடியாத பிள்ளைக்கு டிக்கெட் கிடையாது. பேத்தி லக்‌ஷிகாவுக்கு ஜூன் இருபதாம் தேதி மூன்று முடிகிறது. அன்றிலிருந்து அவர் பேத்தியை, அடுப்பில் வைத்த பாலைப் பார்ப்பதுபோல்தான் பார்த்தார்.

பேரன் மிதுலனுக்கு ஆறு வயது. அப்பப்பா டிஸ்னிலாண்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறார் என்று அவன் வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டான். நவரத்தினம், லண்டனில் தாங்கள் இருந்த மிச்சம் என்ற ஊர் முழுக்கச் சொன்னார். ட்ராமில் ஏறிய நாட்களில் பக்கத்து ஊரான குரோய்டனுக்கும் சொன்னார். மிச்சத்தையும் குரோய்டனையும் சமாளித்துவிடலாம். அந்தச் சின்னப் பிள்ளையின் முகத்துக்கு முன்னால் பொய்யனாக நிற்கத்தான் அவரால் முடியாது. சுற்றுகிற தேநீர்க் கோப்பைக்குள் தானும் ஒருமுறை ஏறி உட்கார வேண்டும் என்ற ஆசையை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

முதலில் நோர்பரியில் பயண முகவராக இருந்த யோகலிங்கத்திடம் போய் விலை கேட்டார். யோகலிங்கம் கணக்குப்பொறியைத் தட்டித் தட்டி, கடைசியில் அதைத் திருப்பிக் காட்டினார்.

"தம்பி, இந்தக் காசுக்கு டிஸ்னிலாண்டைக் கழட்டி லொறியிலை ஏத்தி மிச்சத்திலை கொண்டுவந்து பூட்டலாமே!" என்றார் நவரத்தினம்.

"பூட்டுக்கூலி தனி, அண்ணை" என்றார் யோகலிங்கம்.

ஆகவே பயணத்தைத் தானே கட்டுவது என்று முடிவாயிற்று. அப்போது ஒரு நாளிதழ் கூப்பன் போட்டுக்கொண்டிருந்தது. பதினைந்து நாளில் பன்னிரண்டு கூப்பன் வெட்டி அனுப்பினால் ஒரு காரும் ஐந்து பேரும் டோவரிலிருந்து கலேக்குக் கப்பலில் போய்வர இருபது பவுண். மகன் நிர்மலன் நடத்தியது பேப்பர் விற்கிற மூலைக்கடை. குடியிருந்ததும் அதற்கு மேல்மாடி. நவரத்தினம் காலை ஆறு மணிக்கே கத்தரிக்கோலுடன் கீழே இறங்கிவிடுவார். ஒருநாள் வேகத்தில், விற்க வைத்திருந்த பேப்பர்க் கட்டிலும் கை வைத்துவிட்டார். ஒரு வெள்ளைக்காரக் கிழவர் வீட்டுக்குப் போய்ப் பேப்பரை விரித்தபோது ஓட்டைக்குள்ளால் மனைவியின் முகம் தெரிந்ததாம். முப்பது வருடத்தில் அன்றுதான் காலைச் சாப்பாட்டு நேரத்தில் அவளைப் பார்த்தேன் என்று அடுத்த நாள் வந்து நன்றி சொன்னதாக நவரத்தினம் சொன்னார். நிர்மலனின் கணக்கில், அந்தக் கிழவர் வந்து பேப்பர்க் காசைத் திருப்பிக் கேட்டார்.

தங்குவதற்கு ஹோட்டல் வேண்டாம். நவரத்தினத்தின் மனைவி கலாவதியின் தமக்கை மகள் நகுலேஸ்வரி, பாரிஸ் புறநகரான லாகூர்னேவில் இருந்தாள். "சின்னம்மா வந்தால் கதவு திறப்பன். வராட்டில் வேறை வீடு பாருங்கோ" என்று தொலைபேசியில் சிரித்தாள். சிரித்தாலும் சொன்னது சொன்னதுதான்.

நிர்மலனால் கடையைப் பூட்ட ஏலாது. மருமகள் தாரகா கவுன்சில் அலுவலகத்தில் வேலை. அவள் கார் ஓட்டுவதென்று ஆனது. திங்கட்கிழமை ஆசிரியர்களுக்குப் பயிற்சி நாள், பள்ளிக்கூடம் பூட்டு. தாரகா, மாமா, மாமி, இரண்டு பிள்ளைகள்: கூப்பனுக்கு அளவெடுத்துப் பெற்ற குடும்பம் மாதிரிச் சரியாக ஐந்து பேர்.

கப்பல் டிக்கெட் தபாலில் வந்தது. ஜூன் பத்தாம் தேதி சனிக்கிழமை, பகல் பன்னிரண்டே முக்கால் கப்பல். ஒரு மணித்தியாலம் முன்னதாக நிற்க வேண்டும். தேதியை மாற்ற முடியாது. நவரத்தினம் அதைக் கொண்டாடி முடிப்பதற்குள் கலாவதி குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த கோயில் கலண்டரைப் பார்த்துவிட்டார்.

"சனிக்கிழமை கிழக்கே சூலம்" என்றார். "கிழக்கை போகேலாது."

"நாங்கள் பாரிஸுக்கெல்லோ போறம். பாரிஸ் தெற்கு" என்று நவரத்தினம் மிதுலனின் பள்ளிக்கூட வரைபடப் புத்தகத்தை எடுத்து விரித்தார்.

"டோவர்?"

நவரத்தினம் புத்தகத்தை மெல்ல ஒரு பக்கமாகச் சரித்தார். டோவர் கொஞ்சம் தெற்கே வந்தது. இன்னும் கொஞ்சம் சரித்தார்.

"அப்பப்பா, புக்கை நேரா பிடியுங்கோ. டோவர் ஈஸ்ட்" என்றான் மிதுலன்.

"ஆருக்காகடா நான் இவ்வளவு பாடுபடுறன்?"

கலாவதி அடம்பிடிப்பவர் அல்ல. அவர் ஊரைவிட்டுப் புறப்பட்ட ஒரு தடவைதான் நாள் பார்க்க நேரமில்லாமல் போயிற்று. அதற்குப் பிறகு பதினாறு வருடம் ஜெர்மனியில் குளிருக்குள் இருந்தார். அந்தக் குளிர் முழுவதும் நாள் பார்க்காததால் வந்தது என்பது அவருடைய முடிவு. இரண்டு சின்னப் பிள்ளைகளைக் கடல் கடந்து கொண்டுபோகும்போது அந்த விளையாட்டுக்கு அவர் தயாரில்லை. "நீங்கள் போட்டு வாங்கோ. நான் நிக்கிறன்" என்றார். அவர் நின்றால் நகுலேஸ்வரியின் கதவு நிற்கும். கதவு நின்றால் எல்லாம் நிற்கும்.

இரண்டு நாள் வீட்டில் ரசம் மட்டும்தான். மூன்றாம் நாள் கலாவதியே வழி சொன்னார். கூடாத நாளில் போகத்தான் வேண்டும் என்றால், முதல் நாளே நல்ல நேரத்தில் ஒரு பெட்டியை அந்தத் திசையில் கொண்டுபோய் இன்னொரு வீட்டில் வைத்துவிட வேண்டும். பெட்டி புறப்பட்டால் ஆளும் புறப்பட்ட மாதிரி. அடுத்த நாள் போகிறபோக்கில் பெட்டியை எடுத்துக்கொண்டு போகலாம். ஒன்றுதான்: பெட்டி திரும்ப வீட்டுப் படியேறக் கூடாது. ஏறினால் பயணம் முறிந்தது.

நோர்பரி மிச்சத்துக்குக் கிழக்கே இருந்தது. நவரத்தினம் வரைபடத்தை நேராகப் பிடித்தே பார்த்துக்கொண்டார். அங்கே கலாவதியின் சிநேகிதி எமில்டா இருந்தார்.

"பெட்டிக்குள்ளை ரெண்டு பழைய பேப்பரைப் போடும். நானெல்லோ பஸ்ஸிலை காவ வேணும்" என்றார் நவரத்தினம்.

"வெறும் பெட்டியை வச்சு ஆரை ஏமாத்துறியள்? இல்லாமல் போகேலாத சாமான் அதுக்குள்ளை இருக்க வேணும்."

"அப்ப என்னைத் தூக்கி உள்ளை வையும்."

"இல்லாமல் போகேலாத சாமான் எண்டுதானே சொன்னனான்" என்றார் கலாவதி.

வெள்ளிக்கிழமை பின்னேரம், முதியோர் பாஸைக் காட்டி நவரத்தினம் பெட்டியுடன் பஸ் ஏறினார். அம்மிக்கல்லைத்தான் இல்லாமல் போகேலாத சாமானாக வைத்துவிட்டாளோ என்று தோன்றும் கனம். எமில்டா வாசலில் நின்று பெட்டியை மேலும் கீழும் பார்த்தார்.

"அண்ணை, நான் வேதக்காரி. என்ரை வீட்டிலை வச்சால் செல்லுமோ?"

"சூலத்துக்குச் சமயம் தெரியாது, எமில்டா. திசை மட்டும்தான் தெரியும்."

"அப்ப வையுங்கோ. மாதாவுக்குப் பக்கத்திலை இருக்கட்டும்."

சனிக்கிழமை காலை எட்டரைக்கு எல்லோரும் காரில் ஏறினார்கள். தெருவில் கார்களெல்லாம் உலகக் கிண்ணக் கால்பந்துக்காக இங்கிலாந்துக் கொடியைச் செருகிக்கொண்டு நின்றன. தங்கள் பயணத்துக்கு ஊரே கொடி கட்டியிருப்பதாக நவரத்தினம் பிள்ளைகளுக்குச் சொன்னார். தாரகா சாவியைத் திருகும் முன் வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

"மாமா, அஞ்சு பாஸ்போட்டும் இருக்குத்தானே?"

"மேசை லாச்சிக்குள்ளை. இந்தா எடுத்துக்கொண்டு வாறன்."

"லாச்சியிலை இல்லை" என்றார் கலாவதி, பின் இருக்கையிலிருந்து. "அது நேற்றே வெளிக்கிட்டுட்டுது."

இல்லாமல் போகேலாத சாமான் எதுவென்று அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது.

"சரி, நோர்பரி பத்து நிமிசம். எப்பிடியும் அங்கைதானே போறம்" என்று தாரகா காரை எடுத்தாள்.

எமில்டாவின் வீட்டு மணியைத் தாரகா மூன்று தரம் அடித்தாள். நவரத்தினம் முப்பது தரம் அடித்தார். பக்கத்து வீட்டு ஐரிஷ்காரி தலையை நீட்டி, எமில்டா அரை மணித்தியாலத்துக்கு முன் பெரிய பெட்டியோடு போய்விட்டார், விடுமுறைக்குப் போகிறார் போலிருக்கிறது என்றாள்.

நவரத்தினத்துக்குக் கண்முன்னே எல்லாம் தெரிந்தது. எமில்டா ஐந்து பாஸ்போர்ட்டுடன் கப்பல் தளத்தில் நிற்கிறார். கலேயில் இறங்கி ஒவ்வொன்றாக நீட்டி ஐந்து தரம் உள்ளே போகிறார். தேநீர்க் கோப்பைக்குள் உட்கார்ந்து சுற்றுகிறார்.

"போனுக்கு அடியுங்கோ மாமா!"

அடித்தார். அணைத்து வைத்திருந்தது. அவசரத்துக்கு வேண்டும் என்று எமில்டா கைத்தொலைபேசியை எப்போதும் அணைத்தே வைத்திருப்பார்.

ஒன்பது மணி. மிதுலன் கண்ணாடிக்குள்ளால் அப்பப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது அளந்துவிட்டுச் சமாளித்திருப்பார். கேட்காத பிள்ளைக்கு என்ன சொல்வது? நவரத்தினம் திரும்பி, மணியை முப்பத்தோராம் தரம் அடித்தார்.

அப்போது, காரில் திரும்ப ஏறியிருந்த தாரகாவின் தொலைபேசி அடித்தது. நிர்மலன்.

"எமில்டா அன்ரி பெட்டியோடை இஞ்சை கடை வாசல்லை நிக்கிறா. உங்களுக்கு அலைச்சல் வேண்டாம் எண்டு தானே பஸ்ஸிலை கொண்டுவந்தவவாம். மழை தூறுது, உள்ளுக்கை வரச் சொல்லட்டோ?"

கலாவதி முன் இருக்கைக்கு மேலால் எட்டித் தொலைபேசியைப் பறித்தார். "உள்ளுக்கை விடாதை!"

"அம்மா, மழை..."

"அவ வரலாம். பெட்டி படியேறக் கூடாது!"

ஒன்பதே காலுக்குக் கார் திரும்ப மிச்சத்துக்கு வந்தது. எமில்டா நடைபாதையில் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தார். குடையைப் பெட்டிக்குப் பிடித்திருந்தார், தான் நனைந்துகொண்டிருந்தார். பால் வாங்க வந்த இரண்டு பேர் அவரைச் சுற்றிப் போனார்கள்.

"அண்ணை, உள்ளை வைக்காதேங்கோ எண்டு உங்கடை மகன் சொல்லுறான். இதுக்குள்ளை என்ன குண்டோ?"

"ஒருத்தரும் இறங்கக் கூடாது" என்றார் கலாவதி. "இறங்கினால் வீட்டிலையிருந்து புதுசா வெளிக்கிட்ட கணக்கு."

"கலா, பெட்டி திரும்பி வந்திட்டுதே?" என்று நவரத்தினம் மெல்லக் கேட்டார். கேட்டவுடனேயே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கலாவதி நீண்ட நேரம் யோசித்தார். நவரத்தினத்தின் கணக்கில் கால் மணித்தியாலம். கார் மணிக்கூட்டில் ஒரு நிமிடம்.

"படி ஏறேல்லை. றோட்டிலைதான் நிக்குது. றோட்டிலை நிக்கிறது பயணத்திலை நிக்கிறதுதான்."

எமில்டா பின்கதவைத் திறந்து பெட்டியை ஏற்றினார். தாரகாவின் வற்புறுத்தலில் அங்கேயே திறந்தும் பார்த்தார். பயத்தம் உருண்டை டின்னுக்குள், உருண்டைகளுக்குக் கீழே, ஐந்து பாஸ்போர்ட்டும் மாவு பூசிக்கொண்டு கிடந்தன. நவரத்தினம் அவற்றை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானையும் பூட்டினார். தாரகா காரை எடுக்கப் போனாள்.

"அப்பம்மா, பீ பீ வருது" என்றாள் லக்‌ஷிகா.

வீடு பதினைந்து அடி தூரத்தில் இருந்தது. அதற்குள் வெளிச்சமான, சுத்தமான, யாருமில்லாத கழிவறை இருந்தது. எல்லோரும் கலாவதியைப் பார்த்தார்கள்.

"அடக்கேலுமோ, குஞ்சு?"

"ஏலாது." லக்‌ஷிகா கால்களைப் பின்னிக்கொண்டாள்.

"மாமி, டோவருக்கு இன்னும் ரெண்டு மணித்தியாலம்" என்றாள் தாரகா. "உள்ளை போட்டு வந்தால் பயணம் முறியுமெண்டால், முறியட்டும். இது என்ரை ஆபீஸ் கார் இல்லை, சொந்தக் கார்."

கலாவதி கலண்டரையும் பேத்தியையும் மனதுக்குள் மாறி மாறிப் பார்த்தார். நவரத்தினம் சட்டைப் பையை இறுகப் பிடித்துக்கொண்டார். இந்த ஒரு விஷயத்தில் அவரால் ஒன்றும் கூட்டவோ குறைக்கவோ முடியாது.

"இஞ்சருங்கோ," என்றார் கலாவதி, "டிஸ்னிலாண்டிலை மூண்டு முடியாத பிள்ளைக்கு என்ன எண்டு சொன்னனீங்கள்?"

"டிக்கெட் இல்லை."

"ஏன் இல்லை?"

"கணக்கிலை எடுக்க மாட்டினம்."

"அப்ப சூலத்துக்கும் கணக்கில்லை. எமில்டா, பிள்ளையை ஓடிப்போய்க் கூட்டிக்கொண்டு வாரும்!"

எமில்டா லக்‌ஷிகாவைத் தூக்கிக்கொண்டு ஓடினார். மூன்று நிமிடத்தில் திரும்பிவந்து, பிள்ளையைக் கதவுக்குள்ளால் நீட்டினார். "கணக்கிலை வராத ஆள் வேலையை முடிச்சிட்டா" என்றார்.

டோவரில் கடைசி ஆறு கார்களில் ஒன்றாக நுழைந்தார்கள். கடவுச்சீட்டைப் பார்த்த அதிகாரி விரல்களை ஒன்றோடொன்று தேய்த்து, முகர்ந்து பார்த்தார். "பயறு" என்று நவரத்தினம் தமிழில் விளக்கம் சொன்னார். அவர் தலையாட்டி விட்டுவிட்டார்.

கப்பல் நகர்ந்த பிறகு மிதுலன் அப்பப்பாவின் கையைப் பிடித்தான். "வீ ஆர் ரியலி கோயிங்?"

"ஓம் ராசா. மெய்யாத்தான்." நவரத்தினம் அதோடு ஒன்றும் சேர்க்கவில்லை.

சேர்க்காமல் ஐந்து நிமிடம்தான் இருக்க முடிந்தது. பிறகு வெள்ளைப் பாறைகள் பின்னால் போவதைப் பார்த்துக்கொண்டு மனைவியைச் சீண்டினார்.

"கலா, கப்பல் நேர கிழக்கை போகுது. உமக்குத் தெரியுமோ?"

கலாவதி பயத்தம் உருண்டை ஒன்றை எடுத்து லக்‌ஷிகாவின் வாயில் வைத்தார்.

"கப்பலை ஓட்டுறவனெல்லோ அதைப் பார்க்க வேணும்" என்றார்.