இரண்டு மாடி உயரத்துக்குக் குளிர்

மனித இனம் குகையை விட்டு வெளியே வந்த நாள் முதல் பாடுபட்டதெல்லாம் அண்ணாந்து பார்க்கத் தக்க ஒரு கூரைக்காகத்தான். அந்தப் பாடு ஒருவழியாக நிறைவேறிய இடத்தில், அதாவது தன் வீட்டு முன்கூடத்தில், வீட்டுக்காரர் குரங்குக் குல்லா மாட்டிக்கொண்டு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். வெளியே கொளுத்தும் கோடை.

கூடம் இரண்டு மாடி உயரம். வாசற்கதவுக்கு மேல் கூரைவரை ஒரே கண்ணாடி. சரவிளக்கைத் துடைக்கச் சாரம் கட்ட வேண்டும். ஏசிக்கு எப்போது ஊத வேண்டும், எப்போது ஓய வேண்டும் என்று உத்தரவு போடும் தெர்மோஸ்டாட் என்ற சின்ன வெள்ளைப் பெட்டியைக் கீழ்ச்சுவரில் மாட்டத்தான் ஏசிக்காரர் வந்தார். ஆனால் கீழ்ச்சுவர் ஒரே பலகையாக அறுத்து வந்த பளிங்கு. "இதுல ஓட்டை போடறதும் என் நெத்தியில ஆணி அடிக்கிறதும் ஒண்ணு" என்றார் வீட்டுக்காரர். வாயைப் பிளந்து கூரையையே பார்த்துக்கொண்டிருந்த ஏசிக்காரரும் "ஆமா சார், பாவம் சார்" என்று ஒத்து ஊதி, பெட்டியை மேல்மாடியில் கண்ணாடிக்கு எதிரே மாட்டினார். பிறகு கூடத்தின் நடுவில் நின்று தன்னைப் படம் எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார்.

சூடு மேலே ஏறும், குளிர் கீழே இறங்கும். மேலே வெயிலில் உட்கார்ந்திருந்த பெட்டிக்கு உலகமே பற்றி எரிவதாக எண்ணம். ஊது, ஊது என்று ஓயாமல் உத்தரவு போட்டது. ஊதிய குளிரெல்லாம் கீழே வந்து சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. ஏசியை அணைத்தாலோ சற்று நேரத்தில் கூடம் அடுப்பு. ஆகவே மேல்மாடியில் மச்சான் வெறும் பனியனோடு விசிறிக்கொண்டிருக்க, கீழே அவருடைய அக்கா, அதாவது வீட்டுக்காரரின் மனைவி, சால்வைக்குள் ஒடுங்கியிருப்பார். ஒரே வீட்டில் இரண்டு பருவம்.

குடும்பம் உண்மையில் குடியிருந்தது சமையலறைக்குப் பின்னால், துணி தேய்க்கும் அறையில். கைக்கு எட்டும் கூரை, ஒரு ஜன்னல், ஒரு மேசை விசிறி. மத்தியானங்களில் வீட்டுக்காரரும் அங்கேதான் கண்ணயர்வார். பிடிபட்டால், "சட்டை தேய்ச்சாச்சான்னு பாக்க வந்தேன்" என்பார்.

அன்று மகளைக் கட்டப்போகும் பையன் வீட்டார் வருகிறார்கள். மகளோடு வேலை பார்க்கும் பையன். இருவர் மனமும் ஒத்துப் போயாயிற்று. பையனின் அம்மாவுக்கு மட்டும் ஓர் உறுத்தல்: அவ்வளவு பெரிய வீட்டுப் பெண் நம் சின்ன வீட்டில் எப்படிப் பொருந்துவாள்? அந்த அம்மா முடியாது என்றால் பையன் தாண்ட மாட்டான்.

"அப்பா, அவங்களை நேரா தேய்க்கிற ரூமுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்பா" என்றாள் மகள்.

"அப்ப இந்த ஹாலை எதுக்குக் கட்டினேன்?"

"அதைத்தான் நாங்களும் கேக்கறோம்" என்றார் மனைவி.

வீட்டுக்காரரிடம் வேறு திட்டம் இருந்தது. மச்சான் கையில் ஒரு பை நிறைய ஐஸ்கட்டியைக் கொடுத்தார். அதைப் பெட்டியின் மேல் பிடித்தால் ஏசி அடங்கும், எடுத்தால் ஊதும். "நான் இருமினா வை. தொண்டையைக் கனைச்சா எடு."

"கை மரத்துப் போச்சுன்னா, அத்தான்?"

"உன் அக்கா பொண்ணு கல்யாணம்டா. கை என்ன பெரிய கை."

வந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். பையனின் அப்பா "அடேயப்பா" என்றார். வீட்டுக்காரருக்கு உச்சி குளிர்ந்தது. ஆனால் பையனின் அம்மா கூரையைப் பார்த்துவிட்டு மகளைப் பார்த்தார். பிறகு கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார், சீக்கிரம் கிளம்பப் போகிறவர்போல. பளிங்கு எந்த மலையில் பிறந்தது என்று வீட்டுக்காரர் ஆரம்பித்தபோது, அதுவரை அடங்கியிருந்த ஏசி புயலாகக் கிளம்பியது. அவர் இருமினார். ஏசி நிற்கவில்லை. நெஞ்சு நோகும்வரை இருமினார். பையனின் அம்மா அடுக்கடுக்காகத் தும்மினார்.

மேலிருந்து மச்சானின் குரல் கோயில் மணிபோல் எதிரொலித்து இறங்கியது. "அத்தான், இருமாதீங்க. ஐஸ் கரைஞ்சு பொட்டிக்குள்ள தண்ணி போயிருச்சு. இனி இது அடங்காது."

பையனின் அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "கேக்கறேனேன்னு தப்பா நினைக்காதீங்க. நீங்கல்லாம் எங்கதான் உக்காருவீங்க?"

இங்கேதான் என்று சொல்ல வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். எதிரே மகள் நின்றிருந்தாள். குளிரில் அல்லாமல் அவள் உதடு நடுங்குவதைப் பார்த்தார். அவருக்குள் இரண்டு மாடி உயரமும் சரசரவென்று இறங்கியது.

"தேய்க்கிற ரூம்ல" என்றார்.

ஏழு பேரும் அந்த அறையில் அடைந்தார்கள். பையனின் அம்மாவுக்கு நாற்காலி. வீட்டுக்காரருக்குக் கவிழ்த்த பக்கெட். மகள் குவிந்து கிடந்த துணிகளை வழக்கம்போல மடிக்க உட்கார்ந்தாள். பெரிய போர்வை ஒன்றின் மறுமுனையைப் பையனின் அம்மா தன்னையறியாமல் எடுத்துப் பிடித்தார். இருவரும் எட்ட நின்று உதறி, கிட்ட வந்து சேர்த்து, மறுபடி எட்டப் போனார்கள்.

"உனக்கும் மூலை சேர மாட்டேங்குதா?"

"என்னைக்குமே சேராது அத்தை. உள்ள தள்ளி மறைச்சிருவேன்."

"நானும் அப்படித்தான்" என்று அவர் சிரித்தார். கைப்பை எங்கோ துணிக்குள் கிடந்தது. "நம்ம ஹாலும் இவ்வளவுதாம்மா இருக்கும்."

"இதைவிடக் கொஞ்சம் பெருசு" என்று அவசரமாகத் திருத்தினார் பையனின் அப்பா.

தேநீர் ஆறுவதற்குள் நாள் குறித்தாயிற்று. பக்கெட்டின் மேல் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த வீட்டுக்காரருக்கு, எதையோ பெரிதாகக் கட்டி முடித்த நிறைவு. பையன் எல்லோரையும் நெருங்கி நிற்கச் சொல்லிப் படம் எடுத்தான். அவன் அப்பா அதை அங்கேயே வாங்கி, யாரும் தடுக்குமுன் இரண்டு வீட்டு உறவுக்கும் அனுப்பிவைத்தார்.

படத்தில் எல்லோரும் சிரிக்கிறார்கள். சம்பந்தியம்மாவின் தலைக்கு நேர்மேலே கொடியில் வீட்டுக்காரரின் பனியன் தொங்குகிறது. அக்குளில் கிழிந்திருக்கிறது.