விட்டுடலாம் சாரின் இரண்டாவது சுற்று

உலகத்தை ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டு வீடு திரும்பிய பேராசிரியர், வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு மனைவிக்குப் பக்கத்தில் போய் நின்றதும், இருவரும் நின்ற இடம் மட்டும் இருட்டாகிவிட்டது. அப்போது காலை பத்தரை மணி. ஜன்னல்கள் திறந்திருந்தன. மேசை மேல் வெயில் விழுந்துகொண்டிருந்தது. பெட்டிகளை இறக்கிவைத்த டாக்ஸிக்காரர் வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். அறையின் மற்றப் பாகமெல்லாம் பளிச்சென்று இருக்க, நடுவில் ஆள் உயரத்துக்குக் கரியைக் கரைத்து ஊற்றினாற்போல் ஒரு கறுப்பு. அதற்குள்ளிருந்து சத்தமும் வரவில்லை. பயணம் எப்படி இருந்தது என்று அவள் கேட்டதும், ஏன் இப்படி இளைத்துப் போனாய் என்று அவர் கேட்டதும் ஒரே நேரத்தில் புறப்பட்டு ஒன்றையொன்று தின்றுவிட்டன. பயந்துபோய் அவர் எதிர்ச் சுவர் ஜன்னல் வரை பின்வாங்கினார். வெளிச்சம் ஒன்றுமே நடக்காதது போலத் திரும்பி வந்தது. டாக்ஸிக்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எலக்ட்ரீஷியன் மூன்று முறை வந்தார். முதல் முறை பல்பை மாற்றினார், இரண்டாம் முறை ஸ்விட்சை மாற்றினார், மூன்றாம் முறை கணவன் மனைவியை அறைக்கு அறை மாற்றி நிற்கவைத்துப் பார்த்துவிட்டு, வயரிங்கில் ஒரு குற்றமும் இல்லை, நீங்கள் இரண்டு பேரும் சேரும்போதுதான் கோளாறு என்று சொல்லி ஏணியை மடித்தார். பேராசிரியரின் அக்கா, அதாவது அவளுடைய நாத்தனார், விஷயம் காதில் விழுந்த அன்றே வந்து இறங்கினாள். நாற்காலியில் சாய்ந்து அந்த இருட்டை ஒரு தரம் நிதானமாகப் பார்த்தாள். "இதுக்கா இவ்வளவு கலவரம்? எங்க வீட்ல முப்பது வருஷமா இப்படித்தான். நாங்க வெளிய சொல்லிக்கிறதில்ல, அவ்வளவுதான்," என்றாள்.

மனைவி அழவில்லை, டேப்பை எடுத்து அளந்தாள். அளப்பது அவளுடைய பிழைப்பு. பதினோரு அடி தள்ளி நின்றால் வெளிச்சத்துக்குக் குறைவில்லை. ஏழு அடியில் அந்தி. மூன்று அடியில் ஒன்றுமே இல்லை. கையைப் பிடித்தும் பார்த்தார்கள். பிடித்த கையும் இல்லை, பிடிபட்ட கையும் இல்லை; காற்றைப் பிசைவது போலிருந்தது. பதினோரு அடி, ஏழு அடி, மூன்று அடி என்று தரையில் வெள்ளைப் பெயிண்டால் மூன்று கோடு போட்டாள்.

அவள் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் கீழ்த்தளப் பட்டறையில் மாடல் செய்பவள். கண்ணுக்குத் தெரியாத சமாச்சாரங்களை மரத்திலும் பித்தளையிலும் கம்பியிலும் செய்து மாணவர்களின் கண்ணுக்குக் காட்ட வேண்டும். அவர் அதே கட்டடத்தின் மாடியில் குவாண்டம் கொள்கையின் கணித அடிப்படைகளைக் கற்பித்தவர். மாடல் என்றால் அவருக்கு இளக்காரம். நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டுகிற வேலை என்பார். பல வருடங்களுக்கு முன்னால் ஏதோ ஒரு மாடலுக்கு நீள அகலம் கேட்டு அவள் மாடி ஏறினாள். இதற்கு நீள அகலமே கிடையாது என்றார் அவர். அப்படியென்றால் மரம் எவ்வளவு வாங்குவது என்று அவள் விடாமல் கேட்டாள். அந்த இழுபறி தீராமலே கல்யாணம் ஆகிவிட்டது.

இந்த இருட்டுக்கான காரணம் அவர் எழுதிய பாடப்புத்தகத்திலேயே நாற்பத்தொன்றாம் பக்கத்தில் இருந்தது. எலக்ட்ரானை ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டால் அது பழையபடி ஆவதில்லை. அதன் கணக்குக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி வந்து உட்கார்ந்துகொள்ளும். இன்னொரு முழுச் சுற்று சுற்றினால்தான் அது எழுந்து போகும். அந்தக் குறியை எந்தக் கருவியாலும் நேராகப் பார்க்க முடியாது என்பதால், வகுப்பில் அந்த வரி வந்ததும் பேராசிரியர் குறியைக் கட்டைவிரலால் அழித்து, "இத விட்டுடலாம்" என்பார். இருபத்தெட்டு வருடம் இப்படிச் சொன்னதில் அவருக்கு விட்டுடலாம் சார் என்ற பெயர் நிலைத்துவிட்டது. சொந்தப் பெயரில் வந்த கடிதங்கள் முகவரியாளர் இல்லை என்று திரும்பிப் போயின. புத்தகத்தின் முதல் பதிப்பில் அந்த வாக்கியம், 'தனித்திருக்கும் ஒன்றுக்கு முன்னால் நிற்கும் குறியை விட்டுவிடலாம்' என்று இருந்தது. இரண்டாம் பதிப்பில் அந்தப் பத்தி ஒரே ஒரு வார்த்தையால் அடுத்த பக்கத்துக்கு வழிந்தது. பக்கத்தை அடக்க அவரே 'தனித்திருக்கும்' என்பதை வெட்டினார். பிறகு தானும் அதை மறந்துவிட்டார். ஒன்றாக இருந்த இரண்டைப் பிரித்து, அதில் ஒன்றை மட்டும் சுற்றவிட்டுத் திரும்பச் சேர்த்தால் அந்தக் குறி எழுந்து நிற்கும். கூட்டலும் கழித்தலும் சேர்ந்து பூஜ்யமாகும் என்பதை அவர் யோசிக்கவில்லை. ஐந்து பல்கலைக்கழகங்கள் சொற்பொழிவுக்கு அழைத்தன. ஒவ்வொன்றும் முந்தையதற்குக் கிழக்கே இருந்தது வசதியாகப் போயிற்று. உள்காதுக் கோளாறு உள்ள அவள் விமானம் ஏறக் கூடாது என்பதால் வீட்டில் இருந்தாள். அவர் கிழக்கே கிழக்கே போய், பதினான்கு மாதம் கழித்து மேற்கிலிருந்து வந்து சேர்ந்தார். உலகத்தைச் சுற்றியவர்கள் வேறு எத்தனையோ பேர் உண்டு. அவர்கள் வீட்டில் என்ன நடந்தது என்று யாரும் கேட்டதில்லை. கேட்பது மரியாதையும் இல்லை.

அவர் ஒப்புக்கொள்ளவில்லை. எடை பார்த்தார், உயரம் பார்த்தார், ரத்தம் கொடுத்துப் பரிசோதித்தார். எல்லாம் போனபோது இருந்தபடியே இருந்தன. தனியாக நின்றால் தன்னிடம் ஒரு குறையும் இல்லை என்றார். கணக்குப்படி அது உண்மையும்கூட. அவள் பட்டறையிலிருந்து பழைய லேத் பெல்ட் ஒன்றைக் கொண்டுவந்து, ஒரு முனையை மேசையில் பொருத்திய வைஸ் இடுக்கியில் இறுக்கி, மறு முனையில் ஒரு பித்தளைத் தகட்டை மாட்டினாள். தகட்டை ஒரு சுற்றுச் சுற்றினாள். பெல்ட் முறுக்கிக்கொண்டது. தகட்டைத் திருப்பாமல் பெல்ட்டை மட்டும் அதன் மேலும் கீழும் வளைத்துப் பார்த்தாள், முறுக்கு போகவில்லை. அதே பக்கமாக இன்னொரு சுற்றுச் சுற்றிவிட்டு, பெல்ட்டைத் தகட்டுக்கு வெளியே ஒரு முறை வளைத்து எடுத்தாள். முறுக்கெல்லாம் பொலபொலவென்று விழுந்து பெல்ட் நேராகத் தொங்கியது. அவர் பதினோரு அடி தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெல்ட்டோட இன்னொரு முனைய வைஸ்ல மாட்டியிருக்க. அதனால முறுக்கு நிக்குது," என்றார். "எனக்கு எங்க இருக்கு இன்னொரு முனை?"

"இங்கதாங்க நிக்கிறேன்," என்றாள் அவள்.

அவர் மாடிக்குப் போனார். எடை பார்க்கும் கருவியில் அவர் ஏறி இறங்கும் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு ஒன்பது வருடம் பதினோரு அடியில் குடும்பம் நடந்தது. அதற்கேற்ற நீளத்தில் அவளே ஒரு சாப்பாட்டு மேசை செய்தாள். உப்பும் தண்ணீரும் போய்வர அதன் நடுவே தண்டவாளம் வைத்த குட்டித் தள்ளுவண்டி ஓடியது. அவள் ஓய்வு பெற்ற நாளில் எடுத்த படத்தில், ஜோடியாக நில்லுங்கள் என்று கெஞ்சிய போட்டோக்காரரின் பிடிவாதத்தால், முதல் வரிசையின் நடுவில் ஒரு கறுப்புத் தூண் நிற்கிறது. துறைத் தலைவர் அதன் மேல் கை போட்டபடி சிரிக்கிறார். ஒரு மழைக்காலத்தில் அவள் காய்ச்சலில் விழுந்தபோது, அவரால் நெற்றியைத் தொட்டுப் பார்க்க முடியவில்லை. அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவள் தெர்மாமீட்டரைப் பார்த்துச் சொல்லச் சொல்லக் காய்ச்சலுக்கு வரைபடம் வரைந்தார். எட்டு நாள் வரைபடம், ரொம்ப அழகாக வந்திருந்தது. பதினோரு அடியிலிருந்து ஒரு முகத்தில் என்ன தெரியும். மூக்கு தெரியும், மூக்குக்கண்ணாடி தெரியும். அவருக்கு எங்கே சுருக்கம் விழுந்தது, எங்கே நரைத்தது என்று அவளுக்குத் தெரியாமலே அவர் கிழவரானார்.

பத்தாம் வருடம் ஒரு காலையில், அவர் நடக்கப் போயிருந்தபோது அவருடைய மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தவள் அந்தப் பாடப்புத்தகத்தைத் திறந்து பார்த்தாள். நாற்பத்தொன்றாம் பக்கத்தில், வெட்டிய இடத்தில், பென்சிலால் 'தனித்திருக்கும்' என்று எழுதிச் செருகியிருந்தது. பக்கத்தில் தேதி. அவள் பெல்ட்டைச் சுற்றிக் காட்டியதற்கு அடுத்த நாள்.

அவர் வந்ததும் புத்தகத்தைத் தள்ளுவண்டியில் வைத்து அந்தக் கோடிக்கு அனுப்பினாள்.

"ஒம்போது வருஷமாங்க?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார். "திரும்பி வந்த வாரமே டாக்டர் சொல்லிட்டாரு. இதயம் சரியில்ல, இனிமே பிளேன் ஏறினா பாதியில நின்னுடும்னு. குறி இருக்குன்னு ஒத்துக்கிட்டா நான் மறுபடி போகணும். போகாம இருந்தா நீ பதினோரு அடியிலயாச்சும் இருப்ப. அதான் விட்டுட்டேன்."

அவள் திட்டினாள். என்னிடம் சொல்லியிருந்தால், போக வேண்டாம் என்று நானே சொல்லியிருப்பேனே, நிம்மதியாக இருட்டில் உட்கார்ந்திருக்கலாமே என்றாள். அதற்குள் இன்னொரு விஷயமும் நடந்திருந்தது. இருந்த இடத்திலேயே இருந்தாலும் ஒரு வருடம்தான் என்று அதே டாக்டர் போன வாரம் சொல்லியிருந்தார். இங்கேயே இருந்தாலும் உயிர் போகத்தான் போகிறது, அதற்கு இன்னொரு சுற்றுப் போய்விட்டாவது வருகிறேன் என்றார் பேராசிரியர். அவள் ஏழு நாள் பேசவில்லை. எட்டாம் நாள் அவருடைய சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள். சொற்பொழிவு எதுவும் இல்லாத பயணம்; ஒவ்வொரு ஊரிலும் இறங்கி ஓய்வெடுத்து, மூன்று வாரத்தில் ஒரு சுற்று. புறப்படும்போது பதினோரு அடிக் கோட்டில் நின்று கையசைத்தார்.

இரண்டாவது ஊரில், விடுதியின் சாப்பாட்டறையில், காபிக் கோப்பையைக் கீழே வைத்தவர் தலையையும் மேசை மேல் வைத்துவிட்டார். காபி சிந்தவில்லை என்று விடுதிக்காரர்கள் கடிதத்தில் குறிப்பிட்டிருந்தார்கள். அவர் சுற்றில் கால் பங்கைத்தான் தாண்டியிருந்தார். உடலை அனுப்பும் பொறுப்பிலிருந்த அதிகாரி தொலைபேசியில் பேசினார். பின்பக்கமாகத் திருப்பி அனுப்பினால் ஒரே விமானம், நாளைக் காலையில் வீட்டில் இருப்பார் என்றார். அவள், வேண்டாம், கிழக்கே அனுப்புங்கள் என்றாள். அது மூன்று விமானம், நான்கு நாட்டுக் கையெழுத்து, பதினோரு நாள் ஆகும் என்றார் அதிகாரி. போன வழியிலேயே திரும்பினால் போனது வந்ததுக்குச் சரியாகிவிடும், பழைய முறுக்கு அப்படியே நிற்கும் என்று அவள் விளக்கினாள். அதிகாரி நல்ல மனிதர். துக்கத்தில் பேசுகிறவர்களை அவருக்குப் பழக்கம் உண்டு.

"அம்மா, இறந்தவருக்கு எந்தப் பக்கமா வந்தா என்னம்மா?"

"அவருக்கு ஒண்ணுமில்லீங்க. பக்கத்துல உக்காரப் போறது நான்."

நாத்தனார் ரிசீவரைப் பிடுங்கினாள். தம்பியைப் பதினோரு நாள் பெட்டியில் வைத்து ஊரூராகச் சுற்றவிடுவதா என்று சண்டை போடத்தான் பிடுங்கினாள். ஆனால் பேச வாயெடுத்தபோது தரையில் போட்டிருந்த வெள்ளைக் கோடுகள் கண்ணில் பட்டன. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "சார், என் தம்பி எடுத்த வேலை எதையும் முழுசா முடிச்சதில்ல. இதையாச்சும் முடிக்கட்டும். அனுப்பிவிடுங்க," என்றாள். நீண்ட வழிக்கான காரணம் என்று படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. அதில் மனைவி 'சுற்று முடியவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

பன்னிரண்டாம் நாள் மேற்கிலிருந்து பெட்டி வந்தது. முன்னறையில், ஜன்னலை ஒட்டி வைத்து மூடியைத் திறந்தார்கள். துறையிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள், எலக்ட்ரீஷியனும் வந்திருந்தார். யாரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உயிரோடு ஆரம்பித்த சுற்றைச் செத்தபிறகு முடித்தால் கணக்கில் சேருமா என்று நாற்பத்தொன்றாம் பக்கத்தில் இல்லை, வேறெந்தப் பக்கத்திலும் இல்லை. அவள் பதினோரு அடிக் கோட்டில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு நடந்தாள். ஏழு அடிக் கோட்டில் பழக்கத்தில் கண்ணைச் சுருக்கினாள், அந்தி வரவில்லை. மூன்று அடிக் கோட்டில் கால் தயங்கியது. ஜன்னல் வெயில் அவள் புடவை மேல் விழுந்தது, பெட்டியின் விளிம்பில் விழுந்தது, அவர் முகத்தில் விழுந்தது. எலக்ட்ரீஷியன் அண்ணாந்து ஒரு தரம் பல்பைப் பார்த்துவிட்டு, சரிதான் என்பது போலத் தலையசைத்து வெளியே போனார்.

அவள் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இடது புருவத்தில் மூன்று வெள்ளை முடி இருந்தது. கண்ணோரத்தில் சுருக்கங்கள் அவள் நினைத்ததைவிட அதிகம். தாடையில் கடைசியாகச் சவரம் செய்தபோது பட்ட சிறு கீறல். ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், மாடலைச் சரிபார்ப்பது போலப் பார்த்தாள். பிறகு கையைப் பிடித்தாள். சில்லென்று இருந்தது. ஆனால் இருந்தது.