இருநூற்றுப் பதினேழாம் வரி

பாரிஸின் லா சப்பலில் மொழிபெயர்ப்பு அலுவலகம் நடத்தும் யசோதினியைத் தேடி, புறநகரான பொபினியிலிருந்து மரி-லூயிஸ் என்னும் தாதி வந்திருந்தாள். முகம் தமிழ் முகம். தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. கரீபியன் கடலிலுள்ள பிரெஞ்சுத் தீவான குவாதலூப்பில் பிறந்தவள். அவள் மேசைமீது விரித்தது, 1868இல் காரைக்காலிலிருந்து அத்தீவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளை ஏற்றிச் சென்ற கப்பலின் பயணிகள் பட்டியல்.

தன் குடும்பப் பெயர் வீராசாமி என்றும், முதல் வீராசாமி இக்கப்பலில்தான் வந்தாரென வீட்டில் சொல்வார்கள் என்றும் அவள் பிரெஞ்சில் விளக்கினாள். காதில் விழுந்தபடி எழுத்தர் கிறுக்கிய பெயர்களை அவளால் இனங்காண முடியவில்லை. சனிக்கிழமை, அப்பயணிகளின் வழிவந்தோர் கூடி, அவரவர் மூதாதையர் பெயரை வாசிக்கப்போகிறார்கள்.

யசோதினி பெயர் நிரலில் விரல் வைத்து வரிவரியாக இறங்கினாள். நானூற்று முப்பது பேர். தொண்ணூற்றாறு நாள் கடல். வழியில் இறந்தவர்களின் வரியோரத்தில் சிறு சிலுவை. வீராசாமி எங்கும் இல்லை.

தேநீரோடு வந்த பக்கத்துக் கடை மடுத்தீன் விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார்.

“வதிவிட அட்டை குடுக்கிற பிரெபெக்சரிலை என்னை அப்பற்றை பேராலை சூசைப்பிள்ளை எண்டுதானே கூப்பிடுறாங்கள், தங்கச்சி. இருபது வருசமா அப்பர்தான் இஞ்சை வரிசையிலை நிக்கிறார். மனுசன் மன்னாரைத் தாண்டினதில்லை.”

யசோதினியின் விரல் நின்றது. அவளுடைய வதிவிட அட்டையிலும் தகப்பன் பெயர்தான் குடும்பப் பெயர். “ஓம் அண்ணை,” என்றபடி, தகப்பன் பெயர் நிரலுக்கு விரலை நகர்த்தினாள். இருநூற்றுப் பதினேழாம் வரியில் வீராசாமி இருந்தார். பயணியின் பெயர் பாக்கியம். பெண், வயது பத்தொன்பது, துணை எவருமில்லை.

வீராசாமி கப்பலேறவே இல்லை, ஏறியவள் அவர் மகள் என்று யசோதினி சொன்னபோது, மரி-லூயிஸ் ஒன்றே ஒன்று கேட்டாள்: அவளுக்குச் சிலுவை இருக்கிறதா?

சிலுவை இல்லை. அவ்விடத்தில் சாய்வெழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது: நன்னம்பிக்கை முனைக்கு அப்பால், புயலில், ஆண் குழந்தை பெற்றாள், இருவரும் நலமாகக் கரையிறங்கினர்.

அதை வாசித்து முடித்தபோது தான் எழுந்து நிற்பதை யசோதினி உணர்ந்தாள். மரி-லூயிஸும் எழுந்திருந்தாள். மடுத்தீன் தலையிலிருந்த கம்பளித் தொப்பியைக் கழற்றினார்.

“பத்தொன்பது வயசு,” என்றார், மெல்ல.

பெயரோடு நிறுத்தாமல் அந்த வரி முழுவதையுமே சனிக்கிழமை வாசிக்கப்போவதாக மரி-லூயிஸ் சொன்னாள். பிறகு, பாக்கியம் என்பதை எப்படிச் சொல்ல வேண்டும் என்று கேட்டாள்.