இடப்பக்க ஸ்பீக்கர்

வலப்பக்க ஸ்பீக்கரின் மேல் ஆறு வருடமாக இருந்த செடித்தொட்டியை மெர்வின் தூக்கித் தரையில் வைத்தார். சிமென்ட் ஆலையிலிருந்து ஓய்வு பெற்று நான்கு மாதமாகிவிட்டது. வேலியைச் சரிசெய்தாயிற்று, கூரையோரத்துக் குழாய்களை இரண்டு முறை கழுவியாயிற்று. இனி டெவன்போர்ட் வீட்டில் அவருக்குப் பழுதாக மிச்சமிருந்தது இது ஒன்றுதான்.

அது கெட்டது மனைவி நோலீனின் அறுபதாவது பிறந்தநாளன்று. அவள் தங்கை கிளெனிஸ் காலணியை மூலையில் எறிந்துவிட்டு, சத்தத்தைக் கடைசி வரை கூட்டி, அக்காவை இழுத்துவைத்துக்கொண்டு ஆடினாள். மறுநாள் காலை வலப்பக்க வூஃபர், தாழ்ந்த சத்தத்தைத் தரும் அந்தப் பெரிய கூம்பு, காற்றில் மாட்டிய காகிதம் போலப் படபடத்தது. மதியம் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, ஆட்டு ரோஸ்ட்டை அறுத்துக்கொண்டே மெர்வின் சொன்னார்: “கையில கிடைச்ச எதைத்தான் நீ உருப்படியா வச்சிருக்க கிளெனிஸ்? ஸ்பீக்கர்னு இல்ல, புருஷனக்கூட.”

கிளெனிஸுக்கு விவாகரத்தாகி அப்போது மூன்று மாதம். அவள் கத்தியையும் முள்கரண்டியையும் தட்டின் மேல் நேராக வைத்துவிட்டு எழுந்து போனாள். அடுத்த வாரம் எலுமிச்சைக் கேக்கோடு மன்னிப்புக் கேட்க வந்தாள். மெர்வின் தொலைக்காட்சியிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. அதற்கடுத்த வருடம் தன் மகன் இருக்கும் டார்வினுக்கே குடிபோய்விட்டாள். தெற்கே அவர்கள் இருக்கும் தீவின் இந்த முனைக்கும் வடக்கே கண்டத்தின் அந்த முனைக்கும் நடுவே எத்தனை தூரமோ, அத்தனை தூரம்.

மெர்வின் ஸ்பீக்கரின் முன்பக்கத் துணியைக் கழற்றினார். கூம்பைச் சுற்றியிருந்த நுரைப்பஞ்சு வளையம் பாதிக்கு மேல் அறுந்து தொங்கியது. விரலால் தொட்டார். ஈரமான கேக்கைப் போலக் கையோடு வந்து, கறுப்பாகப் பிசுபிசுத்தது. கிழிந்த பொருள் இப்படி இருக்காது. பிறகு, ஒப்பிட்டுப் பார்க்கலாமென்று இடப்பக்க ஸ்பீக்கரின் துணியையும் கழற்றினார். அதன் வளையம் முழுதாக இருந்தது. பட்டும் படாமல் அழுத்தினார். விரல் உள்ளே போய்விட்டது.

லான்செஸ்டனில் ஸ்பீக்கர் பழுதுபார்ப்பவனுக்குப் போன் செய்தார். அவன் ஸ்பீக்கரின் வயதைக் கேட்டான். இருபத்தைந்து வருடம் என்றதும் சிரித்தான். அந்தக் காலத்து நுரை தானாகவே மட்கிவிடுமாம். பெட்டியைப் பிரிக்காமல் பரணில் போட்டு வைத்திருந்தாலும் இதே கதிதானாம். “யாரும் எதுவும் பண்ணல மேட். அதுக்கு வயசாயிடுச்சு, அவ்ளோதான்.”

முப்பத்தோரு வருடம் ஆலையில் ஒரு இயந்திரத்தையும் திறந்து பார்க்காமல் ஆள்மேல் குற்றம் சொன்னதில்லை என்று பிரிவு உபசாரத்தில் அவரைப் புகழ்ந்திருந்தார்கள். அவரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

துணி மடித்துக்கொண்டிருந்த நோலீனிடம் போய், கறுப்பு விரலை நீட்டி விஷயத்தைச் சொன்னார். அவள் ஆச்சரியப்படவில்லை.

“என் பொறந்தநாளுக்கு முன்னாடியே அதுக்குக் கீழ கறுப்பா உதிர்ந்து கெடந்துச்சு. என்னன்னு கேட்டேன். எலிப் புழுக்கைன்னு சொல்லி பொறி வச்ச.”

வைத்ததுதான். பாலாடைக்கட்டி காய்ந்து கல்லானதே தவிர எலி விழவில்லை.

“அப்பவே சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னேன். ரெண்டு தடவ. அப்புறம் விட்டுட்டேன். நீ அவகிட்ட சொன்னது ஸ்பீக்கரப் பத்தியா என்ன?”

பதினொரு மணியானதும் நோலீன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் தங்கையிடம் பேசுவது காருக்குள் உட்கார்ந்துதான். ஏன் அங்கே என்று அவர் கேட்டதில்லை. கேட்காமலிருக்கக் காரணமும் இருந்தது. இன்று பின்னாலேயே போய், மறுபக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார்.

“நான் பேசணும்.”

“அவ பேச மாட்டா, மெர்வ்.”

“பரவால்ல.”

நோலீன் எண்ணை அழுத்தி, தங்கை எடுத்ததும், “மெர்வ் பக்கத்துல இருக்கான். நீ வேணாம்னா வச்சிடு,” என்று மட்டும் சொல்லி, போனை அவர் கையில் கொடுத்தாள்.

அவர் காதில் வைத்தார். “கிளெனிஸ்,” என்றார். பதில் இல்லை. ஒரே இரைச்சல், நின்று நின்று பெரிதாகும் ஒரு கரகரப்பு. உன் போன் சரியில்லை என்று சொல்ல வாயெடுத்தார். அடக்கிக்கொண்டு இன்னும் கொஞ்சம் கேட்டார். அது கரகரப்பில்லை. டார்வினில், தகரக் கூரையின் மேல், மழை கொட்டிக்கொண்டிருந்தது. அதற்கடியில் யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். இணைப்பு இன்னும் அறுபடவில்லை.