திரும்புவது யார்

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று அடம்பிடிக்கிறவர்களைப் பார்க்க ஆசைப்பட்டால், அமெரிக்காவில் பர்பேங்க் ஊரில் டான்டே மகலோனாவின் இசைத்தட்டுக் கடைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் போனால் போதும். சினிமா எடுக்கிற ஊர் அது. அங்கே நடிகர்களைப் பற்றி நாய்கூடக் குரைக்கும். இந்தக் கூட்டத்துக்கோ நடிகர்கள் கண்ணிலேயே படமாட்டார்கள். வசனத்துக்கு அடியில் ஓடுகிற பின்னணி இசைதான் இவர்களுக்கு முழுப் படமும். தியேட்டரில் பெயர்கள் ஓடும்போது கதாநாயகன் பெயருக்குக் கையைக் கட்டிக்கொண்டிருப்பார்கள். இசையமைப்பாளர் பெயர் வந்ததும் கைதட்டுவார்கள். பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்த்தால் அதில் ஒரு பெருமை வேறு.

கடையின் பின்னறையில் ஆளுக்கொரு துண்டு இசையைப் போடவேண்டும். எந்தப் படம் என்று போடுகிறவர் சொல்லக்கூடாது. மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும், பிறகு சண்டை போடவேண்டும். இந்த விளையாட்டு நிஷான் தெர்சியானிடம் மட்டும் செல்லாது. அவன் முறை வந்தால் என்ன வரும் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரே இசைத்தட்டு, இரண்டாம் பக்கம், மூன்றாவது துண்டு.

நிஷான் பக்கத்து ஊரான கிளெண்டேலில் பொய்ப்பல் செய்கிறவன். அறுபதை எட்டிக்கொண்டிருந்தான். கடையில் வாய் திறந்து பேசுவது குறைவு, ஆனால் அந்தத் தட்டைப் பற்றி ஒரு வார்த்தை குறைத்துச் சொன்னால் விடமாட்டான். அவனை வம்புக்கு இழுப்பதற்கென்றே வாரந்தவறாமல் வருகிறவள் வெர்னெட்டா புரூயிட். நீதிமன்றத்தில் சுருக்கெழுத்து எடுத்து ஓய்வு பெற்றவள். வாழ்நாள் முழுக்க மற்றவர் பேச்சையே எழுதி எழுதி, தன் பேச்சையெல்லாம் மிச்சம் பிடித்து வைத்திருந்தாள்போல. இப்போது வட்டியோடு செலவழித்தாள்.

இருவருக்கும் வழக்கு ஒன்றுதான். காட்சிக்காக எழுதின இசையைக் காட்சியோடுதான் கேட்கவேண்டும், பிரித்துக் கேட்டால் அது பாதி இசை என்பது வெர்னெட்டாவின் கட்சி. நல்ல இசைக்குப் படம் ஒரு சுமை, கண்ணை மூடினால் அதுவே ஒரு படம் காட்டும் என்பது நிஷான் கட்சி.

“நீ பான்கேக்க தள்ளி வெச்சிட்டு சிரப்ப மட்டும் குடிக்கிற ஆளுய்யா,” என்பாள்.

“சிரப் நல்லாருந்தா குடிக்கலாம்,” என்பான் அவன்.

அந்த இசைத்தட்டு வந்த படத்தின் பெயர் ‘பதினோராவது ஆழம்’. ஹால்வர் நைகார்ட் என்பவர் இசை. கடலிலிருந்து ஒரு பூதம் கரையேறி ஒரு மீன்பிடி ஊரையே கலக்குகிற கதை. சல்லிக்காசு செலவில் எடுத்த படம். வந்த சுவடு தெரியாமல் போனது. கம்பெனி மூடியது, பிரதிகள் தொலைந்தன, நைகார்ட்டும் செத்துப்போனார். மிஞ்சியது அந்தத் தட்டு மட்டுந்தான். கூட்டத்தில் ஒருவரும் படத்தைப் பார்த்ததில்லை.

ஆனால் அந்த மூன்றாவது துண்டைக் கேட்டவர்களுக்கு உடனே வேறு தட்டைப் போட மனம் வராது. அட்டையில் ‘திரும்புதல்’ என்று போட்டிருந்தது. முதலில் ஒற்றைக் கொம்பு வாத்தியம், தூரத்தில், யாரையோ எழுப்பத் தயங்குகிற மாதிரி. அதன்கீழே வயலின்கள் மெல்ல மெல்ல ஏறும். ஏறி ஏறி ஓரிடத்தில் கூரையே திறந்துகொள்ளும். டான்டே நூறு தடவை கேட்டிருப்பான், அந்த இடத்தில் அவன் கை இன்னும் சிலிர்க்கும். பூதப் படத்துக்கு ஒரு மனிதன் இப்படி எழுதியிருக்கிறானே, எதற்காக எழுதினான், யாரை நினைத்து எழுதினான் என்று அவர்கள் வியந்து தீரவில்லை.

திரும்புவது யார் என்பதில் மட்டும் சண்டை ஓயாது. பூதத்தைக் கொன்றுவிட்டு ஊருக்குத் திரும்பும் கேப்டன் என்றான் டான்டே. போனவன் திரும்பமாட்டான், அவன் பெண்டாட்டி ஒருத்தி அலைகரையில் நிற்பாள், அவளிடம் வருவது அவன் தொப்பி மட்டும்தான் என்றாள் வெர்னெட்டா. கப்பல் என்றான் நிஷான். பெரிய கப்பல், தளமெல்லாம் ஜனங்கள், எதிரே துறைமுகத்து விளக்குகள். எந்தத் துறைமுகம் என்று கேட்டால் மட்டும் காப்பிக் கோப்பைக்குள் பார்ப்பான்.

அது பெய்ரூட். லெபனானில் உள்நாட்டுச் சண்டை வெடித்த பிறகு, பதினோரு வயதில், அப்பா அம்மாவோடு அவன் அந்தத் துறைமுகத்தை விட்டுக் கப்பலேறினான். கிழக்கு ஹாலிவுட்டில் அவர்களுக்குக் கிடைத்த இரண்டறை வீட்டின் அலமாரியில், முன்பு குடியிருந்தவர் ஒரு பழைய பிளேயரையும் இந்தத் தட்டையும் விட்டுப்போயிருந்தார். இங்கிலீஷ் தெரியாத பையன், பள்ளியில் வாயே திறக்காத பையன், வீட்டுக்கு வந்ததும் அதைப் போடுவான். அப்பா வருஷாவருஷம் “அடுத்த கோடைக்குப் போயிடலாம்” என்பார். அவர் இந்த ஊர் மண்ணிலேயே அடங்கிவிட்டார். நிஷானுக்குத் தெரிந்த பெய்ரூட்டும் பிறகு அங்கே இல்லை. திரும்பிப்போக அவனுக்கு மிச்சமிருந்த ஒரே வழி அந்தக் கப்பல். அதை அவன் மனைவி அனஹித்துக்கு மட்டும் சொல்லியிருந்தான்.

இந்த நிலையில்தான் டான்டே ஒரு ஞாயிற்றுக்கிழமை குதித்துக்கொண்டு வந்தான். மூடிக் கிடந்த ஏதோ ஒரு தியேட்டரின் நிலவறையில் ‘பதினோராவது ஆழம்’ படச்சுருள் கிடைத்துவிட்டதாம். வருகிற சனிக்கிழமை பகல் காட்சியாக லாஸ் ஏஞ்சலிஸில் ஒரே ஒரு தடவை போடுகிறார்கள். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்த கதைதான், அறை இரண்டுபட்டது. ஆனால் போடுவது எதில் என்றால், உலகத்து மட்டமான படங்களைத் தேடிப்பிடித்துப் போடும் ஒரு திருவிழாவில். ஜனங்கள் வருவதே சிரிக்கத்தான். திரையைப் பார்த்துக் கத்துவார்கள், பாப்கார்ன் எறிவார்கள்.

நிஷான் தட்டை உறையில் போட்டான். தான் வரவில்லை என்றான்.

வெர்னெட்டாவுக்கு அது கைக்கு வந்த தீர்ப்பு. விடுவாளா? கட்சி தோற்றுவிடும் என்று ஓடுகிறான் என்றாள், பூதத்துக்குப் பொய்ப்பல் கட்டியவன் இவன்தான், அது வெளியே தெரிந்துவிடும் என்று பயம் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நிஷான் சிரிக்கவில்லை. கோபிக்கவும் இல்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதுதான் அவளை உறுத்தியது.

செவ்வாய்க்கிழமை அவன் பட்டறைக்கே வந்துவிட்டாள். அவன் ஒரு கீழ்த்தாடைப் பல்செட்டை இயந்திரத்தில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவள் எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“என்ன விஷயம், சொல்லு. கேலி பண்ணமாட்டேன்.”

அவன் இயந்திரத்தை நிறுத்தினான். இருபது வருஷமாகச் சொல்லாததைத் தாடையைப் பார்த்துக்கொண்டே சொன்னான், கப்பலை, துறைமுகத்தை, அப்பாவின் கோடைகாலத்தை.

“ஒரு தடவ பாத்துட்டேன்னா அவ்வளவுதான், வெர்னெட்டா. அப்பறம் அந்தப் பாட்டு வரும்போதெல்லாம் ரப்பர் பொம்மதான் வரும். என் கப்பல் வராது. எனக்கு அங்க போக வேற வழி இல்ல.”

சுருக்கெழுத்துக்காரி ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள். தன் கட்சிக்கு நேர் எதிராக ஒன்றைச் சொல்லப்போகிறோம் என்று அவளுக்கே கூச்சமாக இருந்திருக்க வேண்டும், குரல் இறங்கிவிட்டது.

“அப்ப கண்ண மூடிக்கோ. காத மட்டும் கூட்டிட்டு வா. அந்தக் கொம்பு சத்தத்த அவ்வளவு பெரிய ஹால்ல கேக்காமயே செத்துப்போகப் போறியா?”

அனஹித்தும் அதையேதான் சொன்னாள். “போயிட்டு வாங்க, நிஷான். பாக்க வேணாம், கேட்டுட்டு வாங்க.”

சனிக்கிழமை ஹால் நிறைந்திருந்தது. தொப்பியும் பூத முகமூடியுமாக இளவட்டங்கள். டான்டே, நிஷான், வெர்னெட்டா மூவரும் நடு வரிசையில். ஹால்வர் நைகார்ட் என்ற பெயர் வந்ததும் மூவரும் கைதட்டினார்கள். அது யார் என்றே தெரியாமல் ஹாலே கேலியாகச் சேர்ந்து தட்டியது.

படம், உள்ளதைச் சொன்னால், மகா மட்டம். கதாநாயகனுக்கு வாய் ஒரு பக்கமும் வசனம் ஒரு பக்கமும் போயின. பூதம் கரையேறியபோது முதுகில் ஜிப்பு பளபளத்தது. அதைக் கண்டு ஹால் பெற்ற சந்தோஷம் சொல்லி மாளாது. ஒவ்வொரு தடவை அது முதுகைக் காட்டும்போதும் “ஜிப்பு, ஜிப்பு” என்று பாட்டாகவே பாடினார்கள். டான்டேகூடச் சிரித்துவிட்டான். நிஷான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். வலை போட்டுப் பிடித்த பூதத்தை ஊரார் கரையில் சங்கிலியில் கட்டி வைத்தார்கள். ஒரு மீனவன் மகள் யாருக்கும் தெரியாமல் வந்து சங்கிலியை அவிழ்த்தாள்.

ஒற்றைக் கொம்பு ஒலித்தது.

நிஷான் கண்களை இறுக மூடினான்.

அவன் வீட்டுப் பிளேயரில் கேட்டது இந்தக் கொம்பின் நிழலைத்தான் என்று முதல் மூச்சிலேயே தெரிந்தது. வாசித்தவன் மூச்சு இழுத்தது கேட்டது. வயலின்கள் தரையின் அடியிலிருந்து வந்தன, நாற்காலி வழியாக முதுகில் ஏறின. அவனுடைய கப்பலும் வந்தது. ஆனால் சுற்றிலும் சிரிப்பு. பின்வரிசையில் ஒருவன், “டேய், டிக்கெட் வாங்கிட்டு போடா,” என்று பூதத்தைப் பார்த்துக் கத்தினான். கப்பல் ஆடியது. ஏன் வந்தோம் என்று நொந்துகொண்டான்.

அப்புறம் சிரிப்பு மெலிந்தது. இரண்டு மூன்று பேர் மட்டும் சிரித்தார்கள், பிறகு ஒருவன் மட்டும், பிறகு அவனும் இல்லை. இசை ஏறிக்கொண்டே போக, அத்தனை பேர் இருந்த ஹாலில் பாப்கார்ன் பையின் சரசரப்புகூட நின்றுபோனது. வெர்னெட்டாவின் கை அவன் மணிக்கட்டை வந்து பற்றியது.

எதைக் கண்டு இவர்கள் அடங்கிப் போனார்கள்? அதைத் தெரிந்துகொள்ளாமல் அவனால் இருக்க முடியவில்லை. கண்ணைத் திறந்தான்.

பூதம் கடலுக்குள் நடந்துகொண்டிருந்தது. அவ்வளவுதான் காட்சி. கேமரா கரையில் நின்றது, அசையவில்லை. அலைச் சத்தமோ காற்றோ பேச்சோ இல்லை, நைகார்ட்டின் இசை மட்டும். ரப்பர் உடை நனைந்து கனத்திருந்தது, உள்ளே இருந்த மனிதன் ஒவ்வோர் அடியையும் பிடுங்கிப் பிடுங்கி வைத்தான். ஜிப்பு தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது. ஒருவரும் பாடவில்லை. முழங்கால், இடுப்பு, தோள் என்று தண்ணீர் ஏற ஏற அந்தப் பாரமான உடம்பு லேசாகிக்கொண்டே வந்தது. கரையில் தடுமாறிய கால்கள் தண்ணீரில் தடுமாறவில்லை. தன் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தது அது.

கேப்டனுமில்லை, தொப்பியுமில்லை, கப்பலுமில்லை. இத்தனை வருஷம் சண்டை போட்ட ஒருவருக்கும் இது தோன்றவில்லை. பூதத்துக்கு ஒரு வீடு இருக்கும் என்று அவர்கள் நினைத்துப் பார்த்ததே இல்லை. நைகார்ட் நினைத்திருக்கிறார். வாடகை உடைக்குள் வேர்த்துக்கொண்டு நடந்த ஒரு கூலி நடிகனைப் பார்த்து, வீடு திரும்புவது என்றால் இது என்று தன்னிடமிருந்த அத்தனையையும் எடுத்து வைத்திருக்கிறார். நிஷானுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்த மனிதர் எதிரே இருந்திருந்தால் காலில் விழுந்திருப்பான்.

இசைத்தட்டில் இந்த இடத்தில்தான் சத்தம் தேயத் தொடங்கும். தட்டில் இடம் பற்றாமல் எவனோ அங்கே குமிழைத் திருகிக் குறைத்திருந்தான். விளக்குகள் தெரியும், கப்பல் நெருங்கும், சத்தம் தேய்ந்து தேய்ந்து ஒன்றுமில்லாமல் போகும். ஐம்பது வருஷமாகப் போகிறது, நிஷான் ஒருநாளும் கரை சேர்ந்ததில்லை. இப்போதும் உடம்பு தானாகவே அந்தத் தேய்வுக்குத் தயாரானது.

இசை தேயவில்லை.

கொம்புகள் எல்லாம் சேர்ந்துகொண்டன. அவன் கேட்டே இராத ஒரு திருப்பத்தில் வயலின்கள் இறங்கின, இதற்குத்தான் இவ்வளவு தூரம் ஏறினோம் என்பதுபோல. திரையில் பூதத்தின் தலை மூழ்கியது, தண்ணீர் மூடிக்கொண்டது. அவன் கண் திறந்துதான் இருந்தது, ஆனாலும் கப்பல் வந்தது, துறைமுகச் சுவரில் பக்கவாட்டாக உரசி நின்றது, பலகையைப் போட்டார்கள். அப்பா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு முதலில் இறங்கினார். அடிநாதம் ஒன்று எழுந்து எல்லாவற்றையும் ஏந்திக்கொண்டு, அசையாமல் நின்று, முடிந்தது.

ஹாலில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பின்வரிசைக்காரன்தான்.

“வந்தாச்சு,” என்றான் நிஷான்.

வெர்னெட்டா முகத்தைத் துடைத்துக்கொண்டே அவன் பக்கம் சாய்ந்தாள். “யாரு?”

“எல்லாரும்,” என்றான்.