கிடாரத்துக்கு முன்கட்டணம்

ஐரோப்பிய நகரமான இக்காஸ்டின் தமிழ்க் கலை மன்றத்துக்கு இராசநாயகம் தலைவராகி மூன்று மாதமாகியும், மன்றத்தின் கிடாரம் பழைய தலைவர் இரத்தினசிங்கத்தின் கராஜில்தான் இருந்தது. முந்நூறு பேருக்குப் புக்கை, அதாவது பொங்கல், காய்ச்சக்கூடிய பெரிய அண்டா அது. கலியாணமோ சாமத்தியவீடோ, கிடாரம் இரவல் கேட்டு வருகிறவர்கள் அதை வைத்திருப்பவரைத்தான் தலைவர் என்று மதித்தார்கள். புதிய தலைவரோ விசிற்றிங் கார்ட்டை நீட்டியே தன்னை நிரூபிக்க வேண்டியிருந்தது. சனிக்கிழமை ஆண்டு விழா. அன்றும் கிடாரம் வராவிட்டால் அந்தக் கார்ட்டையும் கிழித்துப் போடலாம்.

இரண்டு வீட்டுக்கும் இடையே ஐந்து நிமிட நடை. ஆனால் தேர்தலில் தோற்றவர் கொண்டுவந்து தர வேண்டும் என்பது இராசநாயகத்தின் கொள்கை. வென்றவர் வந்து கேட்க வேண்டும் என்பது இரத்தினசிங்கத்தின் கொள்கை. கொள்கைவாதிகள் இருவர் ஒரே தெருவில் இருந்தால் நீதிமன்றம்தான் நடுவில் வரும். வந்தது. தீர்ப்பும் இராசநாயகத்துக்கே கிடைத்தது.

தீர்ப்பு தானாக எழும்பிப் போய்க் கிடாரத்தைத் தூக்கி வராது என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்கு ‘போகெட்’ என்கிற நீதிமன்ற அதிகாரி வீட்டுக்கு வர வேண்டும். அவர் வருவதற்கு முதலே கட்டணம் கட்ட வேண்டும். கதவு பூட்டியிருந்தால் திறக்க ஒரு பூட்டுக்காரரையும் வழக்குப் போட்டவரே பிடித்துவர வேண்டும். அவருக்கு மணிக்கணக்கில் கூலி.

“வேலை முடிஞ்சாப் பிறகு குடுக்கேலாதோ?” என்று மன்றப் பொருளாளர் செல்வமலரிடம் கேட்டார் இராசநாயகம்.

“ஏலாது அண்ணை. மன்றக் காசையும் தொடமாட்டன். உங்கடை கோவத்துக்கு உங்கடை காசு.”

“சரி, கொஞ்சம் கூடக் கட்டினா பெரிய போகெட்டா வருவாரோ?”

“எல்லாருக்கும் ஒரே போகெட்தான்.”

வியாழன் காலை இராசநாயகம் கோட், ரை சகிதம் இரத்தினசிங்கத்தின் வீட்டு வாசலுக்கு வந்தார். கையில் அதிகாரிக்குப் போர்த்த ஒரு பொன்னாடை. தொப்பியும் பித்தளைப் பொத்தானுமாக ஒருவரை அவர் எதிர்பார்த்திருக்க, மழைச்சட்டை போட்ட ஓர் இளம் பெண் சைக்கிளில் வந்திறங்கினாள். அன்பளிப்பு வாங்க அனுமதியில்லை என்று சொல்லிப் பொன்னாடையைத் திருப்பிக் கொடுத்தாள். சாட்சிக்கு வந்த செல்வமலர் வேறு பக்கம் பார்த்துச் சிரித்தாள்.

கூட வந்த பூட்டுக்காரர் கருவிப் பெட்டியைத் திறக்குமுன் வீட்டுக் கதவு திறந்தது. இரத்தினசிங்கத்தின் மனைவி கமலாதேவி நின்றார்.

“மழையுக்கை நிக்காதேங்கோ, வாங்கோ! ரோல்ஸ் பொரிச்சு வைச்சிருக்கிறன்.”

பூட்டுக்காரர் சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சாவகாசமாக உட்கார்ந்தார். இராசநாயகம் கடிகாரத்தைப் பார்த்தார்.

“அக்கா, அவைக்கு ஒண்டும் வேண்டாம்.”

“உமக்கு வேண்டாட்டி விடும், தம்பி. வேலைக்கு வந்த மனிசன் சாப்பிடட்டும்.”

“ஆறுதலாச் சாப்பிடச் சொல்லும், கமலா,” என்றபடி பட்டு வேட்டி சால்வையுடன் இறங்கி வந்தார் இரத்தினசிங்கம். “மணிக்கணக்கிலைதானே வந்திருக்கிறார்.”

மூன்றாவது ரோல்ஸ் முடிந்ததும் அதிகாரி தீர்ப்பை வாசித்து, தாமாகவே ஒப்படைக்கிறாரா என்று கேட்டாள்.

“அரசாங்கமே வந்து கேட்டா நான் மறுக்கிற ஆளில்லை,” என்றார் இரத்தினசிங்கம். கராஜில் கிடாரம் புளி போட்டு மினுக்கிப் பளபளவென்று இருந்தது. இராசநாயகம் நெஞ்சை நிமிர்த்தி, சுவரில் மாட்டியிருந்த அதன் மூடிக்குக் கையை நீட்டினார்.

“நில்லும் ஐசே! தீர்ப்பிலை மூடி எண்டு எங்கை கிடக்கு?”

அதிகாரி தாளைப் புரட்டினாள். கிடாரம் இருந்தது. மூடி இல்லை. மூடி வேண்டுமானால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும் என்றாள். கட்டணத்தை முன்கூட்டியே கட்டவேண்டும் என்பதையும் மறக்காமல் சேர்த்துக்கொண்டாள். உள்ளே பூட்டுக்காரர் இன்னொரு தேநீர் கேட்கும் சத்தம் வந்தது.

இந்த மழையில், வெளி அடுப்பில், மூடியில்லாத கிடாரத்தில் முந்நூறு பேருக்குச் சமைப்பதை இராசநாயகம் நினைத்துப் பார்த்தார். புக்கையில் பாதி மழைத் தண்ணீராக இருக்கும். கெட்ட பெயர் மட்டும் தலைவருக்கு.

“கேளுங்கோவன் அண்ணை,” என்றாள் செல்வமலர். “வாயாலை கேக்கிறதுக்குக் கட்டணமில்லை.”

இராசநாயகம் ரையைத் தளர்த்தினார். தொண்டையைச் செருமினார். கிடாரத்தைப் பார்த்தபடியே சொன்னார்:

“அண்ணை… உந்த மூடியை ஒருக்காத் தாறியளோ?”

“உதுக்கென்ன, கொண்டு போம்!” இரத்தினசிங்கம் பாய்ந்து மூடியைக் கழற்றினார். “இதைத்தானே மூண்டு மாசமாப் பாத்துக்கொண்டிருந்தனான். சனிக்கிழமை அடுப்படியிலை ஆர் நிக்கினம்?”

“இன்னும் ஒருத்தரும் இல்லை அண்ணை.”

“உமக்கு நெருப்பு மூட்டத் தெரியாது. நான் வாறன்.”

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் கிடாரத்தை ட்ரெய்லரில் ஏற்றத் தொடங்கினார். இராசநாயகம் கிடாரத்தின் மறு காதைப் பிடித்தார். அப்போது அதிகாரி அவர் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டாள்: கட்டிய கட்டணத்தை எதிர்த்தரப்பிடமிருந்து திரும்பப் பெற விருப்பமா?

“ஓம் எண்டு சொல்லுங்கோ,” என்று செல்வமலர் கிசுகிசுத்தாள். “பூட்டுக்காரன்ரை காசும் வரும்.”

“என்னவாம் கேக்கிறா?” என்றார் இரத்தினசிங்கம், மூச்சு வாங்கியபடி.

“ஒண்டுமில்லை அண்ணை. கயிறை இழுத்துக் கட்டுங்கோ,” என்ற இராசநாயகம், வேண்டாம் என்று அதிகாரிக்குத் தலையசைத்தார். “கட்டின காசை மன்றச் செலவிலை போட்டிடலாம்.”

“போடேலாது!” என்று கத்தினாள் செல்வமலர்.