அசல் கறுப்பு

பிரிக்பீல்ட்ஸ் தம்புசாமி, ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, டிவி வாங்க ஓர் ஆராய்ச்சி நடத்தினார் பாருங்கள், எந்தப் பல்கலைக்கழகமும் கூச்சப்படாமல் டாக்டர் பட்டம் கொடுத்திருக்கும். மூன்று மாதம், நாலாயிரம் யூடியூப் வீடியோ. கோயில் வரிசையில் நின்றவர்களைக்கூட அவர் விடவில்லை.

"கேளுங்க அக்கா, மத்த டிவிக்கெல்லாம் பின்னால லைட்டு. கறுப்பக் காட்டுறப்பவும் அது எரிஞ்சுக்கிட்டேதான் இருக்கும், கறுப்பு சாம்பலாத் தெரியும். ஓஎல்இடியில ஒவ்வொரு புள்ளியும் தானா எரியும், தானா அணையும். அதுதான் அசல் கறுப்பு!"

அந்த அக்கா சாமி கும்பிடாமலே வீட்டுக்குப் போய்விட்டார்.

கடைக்குக் கூட வந்தவர் பரமேஸ்வரன். கிள்ளான்காரர், நாற்பது வருஷச் சிநேகிதர், தம்புசாமியின் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன். கிள்ளான் கடையில் சுவரையே அடைத்துக்கொண்டு நின்ற ஒரு டிவியின் முன் தம்புசாமி சொக்கிப்போனார். மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டிருந்தார்.

"பாஸ், இது என்ன டைப்பு?"

விற்பனையாளர் குனிந்து பார்த்தார். "ஓ, எல்இடி லா, அங்கிள்."

"பரமு, அட்டையப் படிச்சுச் சொல்லுடா."

பரமேஸ்வரன் படித்தார். மூலையில் தனியாக நின்ற இன்னொரு டிவியையும் ஒரு பார்வை பார்த்தார். "அவரு சொன்னதுதான் போட்டிருக்கு. எடுத்துருடா."

விலை மலிவாக இருந்ததைத் தமது பேரத் திறமை என்றே தம்புசாமி நம்பினார். ஒரு மாதம் அவர் வீட்டுக் கூடத்தில் திருவிழாதான். வந்தவர்களையெல்லாம் உட்காரவைத்து, இருட்டுக் காட்சியில் படத்தை நிறுத்தி, "பாத்தீங்களா கறுப்பு!" என்றார். மனைவி பவுனம்மாள் மட்டும், "எருமைக்குப் பவுடர் பூசுன மாதிரில்ல இருக்கு" என்றார். அவருக்குக் கண் டாக்டரிடம் நாள் குறிக்கப்பட்டது.

அந்த ஒரு மாதமும் பரமேஸ்வரன் எட்டிப் பார்க்கவில்லை, வீட்டுக்குக் கூப்பிடவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தம்புசாமி தாமாகவே கிள்ளானுக்கு ரயிலேறினார்.

பரமேஸ்வரன் வீட்டுச் சுவரில் புது டிவி. திரையில் விண்வெளி ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கறுப்புக்குள் கையை விட்டால் முழங்கை வரை போகும்.

"எப்படா வாங்குனே?"

"போன மாசம்."

"எங்க?"

பரமேஸ்வரன் தரையைப் பார்த்தார். "அதே கடைதான். மறுநாளு."

"அப்ப என்னோடது?"

"வெறும் எல்இடி. கடைக்காரரு 'ஓ'ன்னு இழுத்துட்டு, அப்புறம்தான் எல்இடின்னாரு. நீ சேத்துக் கேட்டுட்டே."

"உனக்கு அப்பவே தெரியுமா?"

"அட்டையிலயே போட்டிருந்துச்சே."

"ஏண்டா சொல்லல?"

"மூலையில நின்னதுதான் ஓஎல்இடி. கடைசி செட்டு. சொன்னா நீ எடுத்திருப்பே."

ஊர் முழுக்கக் கேட்கும் குரல் தம்புசாமிக்கு. இப்போது பக்கத்து நாற்காலிக்கே சரியாக எட்டவில்லை.

"என் கண்ணாடிக்குப் பதிலாத்தானேடா உன்னைப் படிக்கச் சொன்னேன்."

"கோவிச்சுக்காத லா. நீ எப்ப வேணும்னாலும் இங்க வந்து பாரு."

அதுதான் எல்லாவற்றையும்விட அதிகமாகச் சுட்டது. தம்புசாமி எழுந்தார். மேசைமேல் கிடந்த ரிமோட்டை எடுத்துத் திரையை அணைத்தார். அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டினார்.

"டேய் தம்பு! ரிமோட்டுடா!"

குரல் தெருமுனை வரை துரத்தி வந்தது. அறுபது வயதுக் கால்கள் கிள்ளான் ரயில் நிலையம் வரை எங்கேயும் நிற்கவில்லை, கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட.